ஓய்வா, அசைவா? முழங்கால் நாரின் கதை

கபடி பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பாடிச் சென்ற ஆட்டக்காரர் பிடிக்குத் தப்பச் சட்டென்று திரும்புகிறார். பாதம் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. முட்டிக்குள் ஏதோ அறுந்தது போல் ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி பெரிதாக வீங்கிவிடுகிறது. “ஜவ்வு கிழிந்துவிட்டது” என்று ஊரில் சொல்லுவார்கள். கால்பந்திலும் கூடைப்பந்திலும் இதே கதைதான். இரு சக்கர வண்டி சறுக்கி விழுந்தவர்களுக்கும் இது நேர்வதுண்டு.

இன்று இதற்கு நல்ல அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அறுந்த நாருக்குப் பதிலாக உடலின் வேறோர் இடத்திலிருந்து நாரை எடுத்துப் பொருத்திவிடுகிறார்கள். அறுவை முடிய இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்வி எழுகிறது. காலை அசைக்காமல் வைக்க வேண்டுமா, அசைக்க வேண்டுமா? அசைப்பதானால் எப்போது, எவ்வளவு? எளிய கேள்வி போலத் தோன்றும் இதற்கு விடை காண மருத்துவ உலகுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பெருக்கல் குறி போல் இரு நார்கள்

முதலில் முழங்காலின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். தொடை எலும்பின் கீழ்முனை இரண்டு உருண்டைகள் போல் இருக்கும். கீழ்க்கால் எலும்பின் மேல்முனையோ ஏறக்குறையத் தட்டையானது. தட்டின்மேல் உருண்டையை வைத்தால் அது நிற்குமா? நழுவிவிடும் அல்லவா? அப்படி நழுவாமல் எலும்பை எலும்போடு கட்டி வைக்கும் உறுதியான நார்களுக்குப் பந்தகங்கள் என்று பெயர். தசையை எலும்போடு கட்டும் நார் வேறு, அது தசைநாண்.

முழங்காலின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பந்தகம் உண்டு. மூட்டின் நட்டநடுவே இன்னும் இரண்டு, பெருக்கல் குறி போல் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. இவை குறுக்குப் பந்தகங்கள். இவற்றுள் முன்னால் உள்ளதே நம் கதையின் நாயகன். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இது நம் சுண்டு விரலைவிடச் சிறியது. ஆனால் கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுக்கும் விசையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை இது ஒன்றே தருகிறது. இது 1980-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு. இளைஞர் ஒருவரின் பந்தகத்தை அறுக்கச் சராசரியாக 2160 நியூட்டன் விசை தேவை என்று 1991-இல் சேவியோ ஊ என்பவரின் குழு அளந்து கூறியது. 220 கிலோகிராம் நிறையைத் தொங்கவிடுவதற்கு அது சமம். முதியவர்களின் நார் அதில் மூன்றில் ஒரு பங்கு விசைக்கே அறுந்துவிட்டது.

அறுந்த எலும்பு கூடுகிறது. அறுந்த தோல் கூடுகிறது. இந்த நார் மட்டும் ஏன் பெரும்பாலும் தானாகக் கூடுவதில்லை? வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. புதிய திசு வளர்வதற்கு அதுவே சாரம் கட்டியது போல் உதவுகிறது. முழங்காலுக்குள்ளோ எப்போதும் மூட்டுத் திரவம் இருக்கிறது. அறுந்த முனைகளுக்கிடையே இரத்தக் கட்டி நிலைக்க அது விடுவதில்லை. சாரம் இல்லாமல் சுவர் எழும்புமா?

ஓர் இயற்பியலாளர் போட்ட பாதை

இந்நார்களை முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன். பெர்கமம் நகரில் களத்தில் போரிடும் வாள்வீரர்களுக்கு மருத்துவராக இருந்தவர் அவர். பிளந்த மூட்டுகளை நேரில் காணும் வாய்ப்பு அவருக்கு நிறையவே இருந்திருக்கும்.

ஆனால் அந்த நார்கள் என்ன வேலை செய்கின்றன என்று சோதித்துச் சொன்னவர்களுள் ஓர் இயற்பியலாளரும் இருந்தார் என்பது வியப்பான செய்தி. காந்தப் பாயத்தின் அலகு ‘வெபர்’ என்று ஆண்டுதோறும் என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அந்த வில்ஹெல்ம் வெபர்தான் அவர். கணித மேதை காஸுடன் சேர்ந்து ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1833-இல் தந்திக் கம்பி இழுத்தவர். 1836-இல் அவரும் உடற்கூற்று அறிஞரான அவருடைய தம்பி எட்வர்டும் மனிதன் நடக்கும் இயக்கவியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். குறுக்குப் பந்தகத்தை அறுத்தால் கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னும் இயல்புக்கு மாறாக நகர்கிறது என்று அதில் காட்டினார்கள். இன்றும் மருத்துவர் நோயாளியின் கீழ்க்காலைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அந்தச் சோதனையைக் கிரேக்கரான நூலிஸ் 1875-இல் பாரிஸில் அளித்த ஆய்வேட்டில் விவரித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1976-இல், அமெரிக்கரான டோர்க் அதை மீண்டும் விவரித்துத் தம் ஆசிரியர் லாக்மனின் பெயரைச் சூட்டினார். உலகம் இன்று அந்தப் பெயரால்தான் அதை அழைக்கிறது.

இரு முகாம்கள்

நோய் இன்னதென்று தெரிந்தது, மருந்து? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டு வைத்தியர்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றார்கள்.

பிரான்சின் லியோன் நகரில் அமெடே போனே என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1845-இல் மூட்டு நோய்கள் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். முழங்கால் பந்தகம் அறும்போது ஓசை கேட்பதையும், மூட்டுக்குள் இரத்தம் கட்டுவதையும், கால் செயலிழப்பதையும் அதில் குறித்துவைத்தார். நெடுநாள் அசையாமல் வைத்த மூட்டின் உட்பரப்பு கெட்டுப்போவதையும் அவர் கண்டார். மூட்டுகளை மெல்ல அசைப்பதற்கென்றே கருவிகளை வடிவமைத்தார்.

மறுபக்கம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹ்யூ ஓவன் தாமஸ் இருந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டும் ‘தாமஸ் சட்டம்’ இவர் பெயரால் வழங்குவதே. நோயுற்ற மூட்டுக்கு இடைவிடாத, நீண்ட, கட்டாய ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. 1875-இல் அவர் எழுதிய நூல் அந்தக் கொள்கைக்கு அடித்தளமாயிற்று. அவரை எளிதில் குறை சொல்லிவிட முடியாது. மூட்டில் காசநோய் பரவலாக இருந்த காலம் அது. கிருமிகளைக் கொல்லும் மருந்தும் இல்லை. அந்நிலையில் அசைக்காமல் வைப்பதே பலரைக் காப்பாற்றியது. முதல் உலகப் போரில் தொடை முறிந்த வீரர்கள் பலர் உயிர் பிழைக்க அவருடைய சட்டமே உதவியது.

ஆனால் ஒரு நோய்க்குப் பொருந்திய விதியை எல்லாக் காயங்களுக்கும் பொருத்தியதுதான் சிக்கலாயிற்று. மாவுக்கட்டு எளிது, மலிவு. நோயாளி அடங்கிக் கிடப்பார். மருத்துவருக்கும் மன நிம்மதி. ஆகவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஓய்வு முகாமின் கையே ஓங்கி நின்றது.

தையலிலிருந்து ஒட்டுக்கு

இதற்கிடையே அறுவை மருத்துவம் வளர்ந்து வந்தது. 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்பவரிடம் 41 வயதுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வந்தார். சுரங்கத்தில் அடிபட்டு முப்பத்தாறு வாரங்களாக வேலைக்குப் போக முடியாதவர். ராப்சன் முட்டியைத் திறந்து, அறுந்த இரு குறுக்குப் பந்தகங்களையும் விலங்குக் குடலிலிருந்து செய்த நூலால் தைத்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நொண்டாமல் நடந்தார். காலில் முழு வலு இருப்பதாகச் சொன்னார். 1903-இல் இச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆனால் எல்லாத் தையலும் இப்படி நிலைக்கவில்லை. 1917-இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ் வேறு வழி கண்டார். தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ள உறுதியான நார்ப்பட்டையில் ஒரு கீற்றை எடுத்தார். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, பழைய பந்தகம் சென்ற அதே தடத்தில் அக்கீற்றைச் செலுத்தினார். இன்றைய அறுவையின் அடிப்படைக் கருத்து இதுவே. பிறகு எந்த நாரை எடுப்பது என்பதில்தான் மாற்றங்கள். 1939-இல் அமெரிக்காவின் மேசி தொடையின் பின்புறத் தசைநாணைப் பயன்படுத்தினார். 1963-இல் கென்னத் ஜோன்ஸ் முழங்காற் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணின் நடுப்பகுதியை, சில்லின் ஒரு துண்டு எலும்போடு சேர்த்து எடுத்துப் பொருத்தினார்.

மூட்டைப் பிளக்காமலே உள்ளே பார்க்கும் வழி ஜப்பானிலிருந்து வந்தது. 1918-இல் டோக்கியோவில் தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த வதனபே 1962-இல் அத்தகைய குழாயின் துணையோடு மூட்டுக்குள் அறுவையே செய்தார். 1980-இல் இங்கிலாந்தின் டேவிட் டேண்டி இம்முறையின் துணையோடு குறுக்குப் பந்தகத்தைப் புதுப்பித்தார். சிறு துளைகளே போதும் என்றாயிற்று.

கட்டுக்குள் நடந்தது என்ன?

அறுவை இப்படி முன்னேறியபோதும், அறுவைக்குப் பின் மாவுக்கட்டு மாறவில்லை. முட்டியைச் சற்றே மடக்கிய நிலையில் ஆறு வாரம், சில இடங்களில் அதற்கும் மேல். புதிய நார் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் கட்டைப் பிரித்தால் என்ன தெரிந்தது? தொடை மெலிந்து குச்சியாகியிருந்தது. முட்டிக்குள் வடுத்திசு வளர்ந்து, காலை நேராக நீட்டவும் முடியவில்லை. முழுதாக மடக்கவும் முடியவில்லை. நார் பிழைத்தது; முழங்கால் பிழைக்கவில்லை!

இதற்கு எதிரான சான்றுகள் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. முதலாவது, போர் மருத்துவமனையிலிருந்து. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவின் படை மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் பணியாற்றினார். பளு தூக்குவதில் ஆர்வம் மிக்கவர். காயமுற்ற வீரர்களின் பாதத்தில் எடையைக் கட்டி, அவர்களால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற அளவுக்குப் பளு ஏற்றினார். வலு கூடக் கூடப் பளுவையும் கூட்டினார். மெலிந்த தொடைகள் முன்பைவிட விரைவில் தேறின. 1945-இல் அவர் இதை வெளியிட்டார். இன்றைய தசைப் பயிற்சிகளுக்கு அது வித்து.

இரண்டாவது, ஆய்வுக் கூடத்திலிருந்து. 1974-இல் ஃபிராங்க் நாய்ஸ் குரங்குகளில் செய்த சோதனை புகழ்பெற்றது. எட்டு வாரம் கட்டுப்போட்டு அசையாமல் வைத்த குரங்குகளின் குறுக்குப் பந்தகம், எந்தக் காயமும் படாமலே, தன் வலுவில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கை இழந்துவிட்டது. கட்டைப் பிரித்து ஓராண்டு ஓடியாடிய பின்னும் அது முற்றிலும் பழைய நிலைக்கு வரவில்லை. எட்டு வார ஓய்வின் கடனை அடைக்க ஓராண்டும் போதவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, கனடாவிலிருந்து. டொரன்டோவின் ராபர்ட் சால்டர் 1970 முதல் முயல்களின் மூட்டுகளை ஆராய்ந்தார். காயப்பட்ட குருத்தெலும்பு, அசையாமல் வைத்த மூட்டைவிட, ஒரு பொறியால் இடைவிடாமல் மெல்ல அசைக்கப்பட்ட மூட்டில் நன்றாகக் குணமாயிற்று. நூற்றாண்டுக்கு முன் போனே சொன்னது சரியென்று ஆயிற்று.

சொல் கேளாத நோயாளிகள்

ஆனால் பழக்கத்தை மாற்றியதில் பெரும்பங்கு நோயாளிகளுக்கே உண்டு! அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டொனால்டு ஷெல்போர்ன் என்ற மருத்துவர் 1980-களில் இந்த அறுவையைச் செய்துவந்தார். தம் நோயாளிகளை விடாமல் அழைத்து அளந்து பார்ப்பது அவர் வழக்கம். அப்போது ஒன்று அவர் கண்ணில் பட்டது. கட்டளைப்படி அடங்கியிருந்தவர்களைவிட, கட்டளையை மீறி முன்னதாகவே காலை ஊன்றி நடந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். அவர்களுடைய முழங்கால் விறைக்கவில்லை; புதிய நாரும் தளரவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் சொல் கேளாதவர்களைக் கண்டித்து அனுப்பியிருப்பார். ஷெல்போர்ன் தம் கட்டளையையே மாற்றினார். அறுவைக்கு மறுநாளே காலை முழுதாக நீட்டுவது, தாங்குமளவு ஊன்றி நடப்பது, சீக்கிரமே மடக்கிப் பழகுவது என்ற புதிய முறையை 1990-இல் நிட்ஸ் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே உலகின் பல பகுதிகளில் மாவுக்கட்டு விடைபெற்றது.

இங்கே இயற்பியலும் கைகொடுத்தது. எந்தப் பயிற்சி நாரை இழுக்கும், எது இழுக்காது? உட்கார்ந்தபடி, தொங்கும் காலில் பளுவைக் கட்டி நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொடையின் முன் தசை, முழங்காற் சில்லின் வழியாகக் கீழ்க்கால் எலும்பை இழுக்கிறது. கால் ஏறக்குறைய நேராகும்போது அந்த இழுவிசையின் திசை சற்றே முன்புறம் சாய்ந்திருக்கும். விசையை இரு கூறுகளாகப் பிரித்தால், ஒரு கூறு கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ளும். அதைத் தடுக்க வேண்டியது யார்? நம் குறுக்குப் பந்தகமே. மாறாக, பாதத்தைத் தரையில் ஊன்றிக் கொஞ்சமே முட்டி மடக்கி எழும்போது, உடல் எடை இரு எலும்புகளையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது; தொடையின் பின் தசையும் சேர்ந்து இயங்கிக் கீழ்க்கால் எலும்பைப் பின்னே பிடித்துக்கொள்கிறது. நாரின் மேல் விழும் இழுவை குறைகிறது. தொடக்க வாரங்களில் பாதத்தை ஊன்றிச் செய்யும் பயிற்சிகளுக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் இதுவே.

வலியில்லாத நாளின் அபாயம்

அப்படியானால் அசைவு முகாம் வென்றுவிட்டதா? கதை அங்கே முடியவில்லை.

ஒட்டு மாங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். கட்டிய மறுநாளே ஒட்டு பிடித்துவிடுவதில்லை. பொருத்திய நாரும் அப்படித்தான். பழைய இடத்தின் இரத்த ஓட்டம் அறுந்துபோனதால் அதன் செல்கள் இறக்கின்றன. பிறகு சுற்றியுள்ள திசுவிலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுள் புகுகின்றன. புதிய செல்கள் குடியேறுகின்றன. பழைய இழைகளைக் கலைத்துப் புதிதாக நெய்கின்றன. 1980-களில் விலங்குகளில் செய்த ஆய்வுகள் இதை வெளிச்சமாக்கின. கலைத்து நெய்யும் அந்த இடைவேளையில், அதாவது முதல் சில மாதங்களில், நார் பொருத்திய நாளில் இருந்ததைவிடவும் வலுக்குறைந்து இருக்கிறது. மனிதர்களில் இந்த நெசவு முடிய ஓராண்டுக்கும் மேல் ஆகலாம்.

இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் வீக்கம் வடிகிறது, வலி மறைகிறது, நோயாளி படியேறுகிறார், வண்டி ஓட்டுகிறார். “எனக்குச் சரியாகிவிட்டது” என்று மனம் சொல்கிறது. நாரோ அந்த வேளையில்தான் நலிந்து கிடக்கிறது! வலி ஒரு காவலாளி. அவன் தூங்கிவிட்டான் என்பதற்காக வீட்டைத் திறந்துபோடலாமா?

இந்த ஐயத்துக்கு எண்ணிக்கையோடு விடை தந்தது 2016-இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. சட்டென்று திரும்பியும் குதித்தும் ஆடும் ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ நூறு பேரை அறுவைக்குப் பின் ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பது மாதம் வரையிலும், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயமடையும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரு கால்களின் தொடை வலுவும் சமமாக இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு. நாட்காட்டி மட்டும் போதாது, தொடை வலுவையும் அளக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கத்தி தேவையா? 2010-இல் சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த சோதனை ஒன்று வெளியாயிற்று. பாதிப் பேருக்கு உடனே அறுவை; மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. ஈராண்டு முடிவில் இரு குழுவினரின் நிலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர்தான் அந்தக் காலத்துக்குள் அறுவையை நாடினார்கள். ஆக, அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் பயிற்சியிலிருந்து யாருக்கும் விலக்கில்லை.

ராப்சன் தொடங்கிய தையலும் திரும்பி வருகிறது. பாஸ்டன் நகரின் மார்த்தா மரே குழுவினர், அறுந்த முனைகளுக்கிடையே புரதத்தாலான பஞ்சு ஒன்றை வைத்து, அதை நோயாளியின் இரத்தத்தால் நனைத்து, சொந்த நாரையே கூட வைக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். 2020-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. மூட்டுத் திரவம் நிலைக்கவிடாத சாரத்தை இப்போது மனிதன் கட்டித் தருகிறான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஓய்வா, அசைவா? ஓய்வு கேட்டவர்கள் நாரை நினைத்தார்கள். அசைவு கேட்டவர்கள் மூட்டையும் தசையையும் நினைத்தார்கள். இரு தரப்பும் பாதி உண்மையைக் கண்டவை. முட்டியை நீட்டுவதிலும் மடக்குவதிலும் தொடையை வலுவாக்குவதிலும் முதல் நாளிலிருந்தே சோம்பல் கூடாது. ஓடுவதிலும் குதிப்பதிலும் களத்தில் இறங்குவதிலும் அவசரம் கூடாது. எந்தப் பயிற்சியை எப்போது செய்வது என்பதை அவரவர் மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் முழங்காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அறுவை மருத்துவர் இரண்டு மணி நேரம் உழைக்கிறார். அடுத்த ஒன்பது மாதம் உழைக்க வேண்டியவர் நோயாளி. உங்கள் தெருவில் ஒரு கபடி வீரர் ஊன்றுகோலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தால், “எப்போது ஆட வருவாய்?” என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். “இன்றைய பயிற்சி முடிந்ததா?” என்று கேளுங்கள். அவருக்கு உதவும் கேள்வி அதுதான்.